தோழருக்குக் கண் வேண்டல்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழா உரை)



ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகளை நிறைவு செய்யும்போது, நடந்த கூட்டங்களையும் அரங்கேறிய கவிதைகளையும் வெளிவந்த தொகுப்புகளையும் எண்ணிப் பார்ப்பது வழக்கம். எண்ணப்படாத கணக்கு ஒன்றும் உண்டு. முப்பது வயதில் வந்து சேர்ந்தவருக்கு இப்போது நாற்பது. அவர் கையிலுள்ள தாள் முகத்தைவிட்டுச் சற்று விலகியிருக்கிறது. ஐம்பதில் வந்தவருக்கு அறுபது. அவர் கண்ணில் புரை படரத் தொடங்கியிருக்கலாம். முதலில் அவர் விளக்கின் அருகே நின்று படிப்பார். பிறகு, தம் கவிதையை வேறொருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வார். அதன்பின் ஒரு மாதம் வரமாட்டார். அடுத்த மாதமும் வரமாட்டார். "என்ன, ஆளையே காணோம்?" என்று கேட்பதோடு வட்டத்தின் விசாரணை முடிந்துவிடும்.

அந்த விசாரணை முடிகின்ற இடத்தில்தான் இவ்வுரை தொடங்குகிறது. நண்பர் ஒருவருக்குப் பார்வை குறைகிறது. மருத்துவத்துக்குப் பணம் இல்லை. சுற்றியிருப்போர் என்ன செய்யவேண்டும், எப்போது செய்யவேண்டும், எப்படிச் செய்யவேண்டும் என்பதே பொருள். தமிழ் மரபு இதைப் பற்றி நிறையவே யோசித்திருக்கிறது.

தம்பிரான் தோழர்

இறைவனையே தோழனாகக் கொண்டவர் என்று சைவ மரபு போற்றுவது சுந்தரமூர்த்தி நாயனாரை. அவருடைய வரலாற்றின் நெருக்கடியான பகுதி கண்ணைப் பற்றியது. திருவொற்றியூரில் சங்கிலியாரைப் பிரியேன் என்று மகிழமரத்தடியில் சூளுரைத்தவர், திருவாரூர் நினைவு மேலிட, ஊர் எல்லையைக் கடந்தார். இரு கண்களும் ஒளி இழந்தன. அங்கிருந்து திருவாரூர் வரையில் அவர் சென்றது, கண்ணற்றவர் ஒருவர் தம் தோழரிடம் உரிமையோடு கேட்டுக்கொண்டே சென்ற நெடுவழி.

தில்லையில் அரங்கேறிய பெரிய புராணம் இந்த வழியைச் சொல்லும் முறை நோக்கத்தக்கது. திருவெண்பாக்கத்தில் அவருக்குக் கிடைத்தது ஓர் ஊன்றுகோல். காஞ்சியில் ஒரு கண் பார்வை பெற்றது. மற்றொரு கண் திருவாரூரில்தான் ஒளி பெற்றது. எல்லாம் வல்ல தோழனே படிப்படியாகத்தான் கொடுத்தான் என்பது புராணம். முதலில் நடப்பதற்கு ஒரு கோல், பிறகு பாதிப் பார்வை, பிறகு முழுப் பார்வை. பெருந்தொகை சேரட்டும், சேர்ந்தபின் கொடுக்கலாம் என்று காத்திருப்போர் இந்த வரிசையை எண்ணிப் பார்க்கவேண்டும். மருத்துவமனைக்குப் போய்வரும் பேருந்துச் செலவும் ஊன்றுகோல்தான்.

இன்னொன்றும் உண்டு. சுந்தரர் கெஞ்சவில்லை, சண்டையிட்டார். தவறு தம்முடையது என்று அறிந்தும், தோழன் என்ற உரிமையால் கடிந்து கேட்டார். கேட்பவர் கூனிக் குறுகாமல் கேட்கக்கூடிய இடமே நட்பு என்பதை அதனினும் தெளிவாகச் சொல்ல இயலாது.

கண்ணப்பர் கதையோ மறுபுறம். அங்கே கேட்டவர் எவருமில்லை. குருதி வழிந்த கண்ணைக் கண்டதும், தசைக்குத் தசையே மருந்து என்று நினைத்து, தம் கண்ணை இடந்து அப்பினார் திண்ணனார். அடுத்த கண்ணையும் எடுக்க முற்படும்போது, தமக்குப் பார்வை போய்விட்டால் இடம் தெரியாதே என்று காலால் அடையாளம் வைத்துக்கொண்டார். அன்பின் வேகத்திலும் அடுத்து நிகழப்போவதைக் கணக்கிட்ட அந்தக் காலடி, உதவி செய்ய முனைவோர் அனைவரும் வணங்கத்தக்கது. உணர்ச்சி மட்டும் போதாது, ஏற்பாடும் வேண்டும்.

நட்பைப் பற்றித் திருவள்ளுவர் காட்டிய உவமையும் இதே கருத்தைச் சார்ந்தது. உடுத்த ஆடை நழுவும்போது கை தானே விரைந்து சென்று பற்றுகிறது. கையை எவரும் அழைப்பதில்லை. நழுவுவது ஆடை என்பதையும் கவனிக்கவேண்டும்: காக்கப்படுவது மானம். உதவி விரைவாக இருந்தால் மட்டுமே அந்த மானம் காக்கப்படும்.

அடைத்த கதவு

சிறுபாணாற்றுப்படை பாடும் நல்லியக்கோடனின் ஓய்மாநாடு இதே கடற்கரையின் வடபகுதியில், திண்டிவனம், மரக்காணம் வட்டாரத்தில் இருந்தது. அந்தப் பாட்டில் ஒரு வீட்டின் வறுமை வருகிறது. குப்பையில் முளைத்த கீரையை நகத்தால் கிள்ளி, உப்பும் இல்லாமல் வேகவைத்து, உண்பதை அயலார் காணாதபடி கதவை அடைத்துக்கொள்கிறார்கள். வறுமையைவிட, அது பிறர் கண்ணில் படுவதே அவர்களுக்குப் பெருந்துன்பம்.

பார்வை மங்குபவர் செய்வதும் அதுவே. எழுத்து தெரியவில்லை என்பதை எவரும் எளிதில் சொல்வதில்லை. "கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டேன்" என்பார். "நீங்களே படியுங்கள், உங்கள் குரல் நன்றாக இருக்கிறது" என்பார். எழுத்தையே வாழ்வாகக் கொண்டவருக்கு இதை ஒப்புக்கொள்வது இன்னும் கடினம். ஆகவே, மூடிய கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை அறிவது நண்பரின் முதற் கடமை.

ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையே இந்தக் கடமையிலிருந்து பிறந்தது எனலாம். பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். பரிசு பெற்று மீளும் கலைஞன், வழியில் கண்ட வறிய கலைஞனிடம், தான் பெற்ற இடத்தையும் போகும் வழியையும் விரிவாகச் சொல்கிறான்: எங்கே தங்கலாம், என்ன உணவு கிடைக்கும், யாரிடம் எப்படிப் பேசவேண்டும் என்பனவெல்லாம் அதில் உண்டு. தனக்குக் கிடைத்த வழியைத் தன்னோடு வைத்துக்கொள்ளாத பெருந்தன்மை அது. கண் மருத்துவம் செய்துகொண்டு மீண்டவர், அடுத்தவருக்கு மருத்துவமனையையும் போகும் நாளையும் ஆகும் செலவையும் சொல்வது இன்றைய ஆற்றுப்படை.

அதே சங்கப் பாடல்களில் பெருஞ்சித்திரனாரின் குரலும் இருக்கிறது. தம்மை நேரில் காணாமலே அதியமான் அனுப்பிய பரிசிலை அவர் ஏற்கவில்லை. தாம் வாணிகப் பரிசிலர் அல்லர் என்று மறுத்தார். புறநானூற்றின் 208ஆம் பாட்டு அது. பணம் மட்டும் போய்ச் சேர்ந்தால் போதாது. பெறுகின்றவரின் தகுதியை அறிந்த கண் அதோடு செல்லவேண்டும். நண்பருக்காக நிதி திரட்டுவோர் முதலில் படிக்கவேண்டிய பாட்டு இதுவே.

கடலூர் மண்ணில் பிறந்தவர்

சங்க காலத்தை விட்டு அண்மைக் காலத்துக்கு வருவோர்க்கு, இம்மாவட்டத்தில் பிறந்த ஒருவரின் வரலாறு காத்திருக்கிறது. புதுமைப்பித்தன் 1906ஆம் ஆண்டு பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில். எழுத்தாளர் இறந்தபின் நிதி திரட்டிக் கல்லில் நினைவு எழுப்பும் வழக்கத்தை அவர் தம் செய்யுளிலேயே கசப்போடு எள்ளியிருந்தார். 1948இல் காசநோய் அவரைக் கொண்டுபோயிற்று. அதன் பிறகுதான் அவர் குடும்பத்துக்காக நிதி திரட்டப்பட்டது. திரட்டியவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அந்தக் குடும்பத்துக்கு அது வேண்டியிருந்தது. ஆனால் மருந்து வேண்டியிருந்த நாள்களில் வராத பணம் மருந்தாக முடியாது.

அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன் நடந்தது வேறு வகை. 1946இல் பாரதிதாசனுக்குச் சென்னையில் 25,000 ரூபாய் பொற்கிழி வழங்கப்பட்டது. அறிஞர் அண்ணா முன்னின்று அதனைத் திரட்டினார். பாவேந்தர் அப்போது ஐம்பதுகளில், எழுதிக்கொண்டிருந்த காலம். 1964 வரை வாழ்ந்தார். உயிரோடு இருக்கும் கவிஞனுக்கு அவனுடைய மொழியினர் கைகொடுக்க முடியும் என்பதை அந்த நிகழ்ச்சி காட்டியது. 1946, 1948 ஆகிய இவ்விரு ஆண்டுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், காலத்தே கொடுத்தல் என்பதன் பொருள் விளங்கும்.

கண்ணைப் பற்றிய செய்தி திரு.வி.க.விடம் வருகிறது. 1918இல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தில் உழைத்தவர். 'தேசபக்தன்', 'நவசக்தி' ஆகிய இதழ்களால் தமிழ் உரைநடைக்குப் புதுநடை தந்தவர். எழுதியும் மெய்ப்புத் திருத்தியும் வாழ்ந்த அந்தக் கண்கள் முதுமையில் ஒளி இழந்தன. எழுத்து நின்றுவிடவில்லை. அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுதினார்கள். 'முதுமை உளறல்', 'படுக்கைப் பிதற்றல்' என்று தம்மைத் தாமே நகைத்துக்கொள்ளும் தலைப்புகளோடு அக்காலத்துப் பாக்கள் நூல்களாயின. 1953 செப்டம்பர் 17ஆம் நாள் அவர் மறைந்தார். அந்நூல்கள் இன்று கையில் கிடைப்பதற்குக் காரணம், கண்ணிழந்த பெரியவரின் அருகே அமர்ந்து எழுதியவர்களின் பொறுமை. பணத்தால் ஆகாத உதவி அது. அதைப் பற்றிப் பின்னர்.

சூரிச் நகரத்து நிகழ்ச்சி

கண்ணொளி குன்றிய எழுத்தாளருக்குப் பணம் கொடுத்துத் துணை நின்றவர்களுள் உலகறிந்த ஒருவர் ஹாரியட் ஷா வீவர் என்னும் ஆங்கிலப் பெண்மணி. அயர்லாந்து எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ் முதல் உலகப் போர்க் காலத்தில் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் வறுமையில் இருந்தார். 1917இல் அவருக்குக் கண் நீரழுத்த நோய் கடுமையாகத் தாக்கி அறுவை மருத்துவம் நடந்தது. அதே ஆண்டில், வழக்கறிஞர்கள் வாயிலாக, பெயர் சொல்லாத ஒருவரிடமிருந்து அவருக்குப் பணம் வரத் தொடங்கிற்று. கொடுத்தவர் வீவர் என்பது பின்னரே ஜாய்ஸுக்குத் தெரிந்தது.

அதன் பிறகும் ஜாய்ஸின் கண்ணில் அறுவைகள் தொடர்ந்தன. 1930இல் சூரிச்சின் பேராசிரியர் ஆல்ஃபிரட் ஃபோக்ட் செய்த அறுவையும் அவற்றுள் ஒன்று. இத்தனைக்கும் இடையில்தான் 1922இல் 'யுலிசிஸ்' வெளிவந்தது. 1939இல் 'ஃபின்னெகன்ஸ் வேக்' வெளிவந்தது. பின்னதை எழுதிக்கொண்டிருந்தபோது அந்த நடை வீவருக்கு உவப்பாக இல்லை. அதை அவர் மறைக்கவும் இல்லை. ஆயினும் கொடுப்பதை நிறுத்தவில்லை. 1941இல் ஜாய்ஸ் இறந்தபோது அடக்கச் செலவையும் அவரே ஏற்றார்.

பெருஞ்சித்திரனார் மறுத்தது காணாமல் கொடுத்த பரிசில். வீவரும் முகம் காணாமல்தான் கொடுத்தார். ஆனால் அவர் நடத்திய 'ஈகோயிஸ்ட்' இதழிலேயே ஜாய்ஸின் முதல் நாவல் தொடராக வந்திருந்தது. எழுத்தின் வழியாக அவர் அந்த மனிதரை நன்றாகக் கண்டிருந்தார். இரண்டுக்கும் முரண் இல்லை. மரபுக் கவிதை, புதுக்கவிதை என்று பிரிந்து நின்று மேடையில் வாதிடும் கவிஞர்கள் வீவரிடம் கற்கவேண்டியது ஒன்று உண்டு. நண்பரின் கவிதை பிடிக்கவில்லை என்பது அவருடைய கண்ணுக்கு உதவாமலிருக்கக் காரணம் ஆகாது.

காலமே மருந்து

இங்கே மருத்துவத்தைச் சற்றுப் பேசவேண்டும். ஏனெனில், நோய் எது என்று தெரியாமல் நிதி எவ்வளவு, எப்போது என்று தீர்மானிக்க இயலாது.

பார்வை மங்குவோரில் மிகப் பலருக்குக் காரணம் கண்புரை. கண்ணினுள் இருக்கும் வில்லை ஒளி புகாதபடி மங்கிவிடுகிறது. அதை அகற்றிச் செயற்கை வில்லை வைத்தால் பெரும்பாலோர்க்குப் பார்வை மீள்கிறது. லண்டனில் ஹெரால்ட் ரிட்லி 1949இல் தொடங்கிய முறை இது. இதில் காத்திருப்பு பெரும்பாலும் பார்வையை நிலையாகக் கெடுப்பதில்லை. ஆயினும் காத்திருக்கும் ஆண்டுகள் படிக்காத ஆண்டுகள்.

கண் நீரழுத்த நோய் இதற்கு நேர்மாறு. கண்ணினுள் அழுத்தம் மிகுந்து பார்வை நரம்பு சிதைகிறது. பெரும்பாலோர்க்கு வலி இல்லை. பக்கப் பார்வை முதலில் போவதால் தெரிவதும் இல்லை. போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காக்கமட்டுமே சொட்டு மருந்தும் அறுவையும் பயன்படும். பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ இந்நோய் இருந்தால் தமக்கும் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால், குடும்பத்தார் அனைவரும் சோதித்துக்கொள்ளவேண்டும்.

சர்க்கரை நோய் விழித்திரையின் நுண்குழாய்களைக் கெடுக்கிறது. லேசர் மருத்துவமும் கண்ணுக்குள் செலுத்தும் ஊசி மருந்தும் உண்டு; ஊசி பலருக்குத் திரும்பத் திரும்பப் போடவேண்டியிருக்கிறது. ஒருநாள் திரட்டிய நிதி அந்த ஒருநாளோடு தீர்ந்துவிட்டால் இங்கே பயனில்லை. விழித்திரை விலகல் என்பது இன்னும் அவசரமானது. கண்ணில் மின்னல் வெட்டுவதுபோல் ஒளி, திடீரென மிதக்கும் கரும்புள்ளிகள், ஒரு பக்கமிருந்து திரை விழுவதுபோன்ற மறைப்பு ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவரிடம் போகவேண்டும். அங்கே கூட்டம் கூட்டித் தீர்மானம் நிறைவேற்ற நேரமில்லை. தாய்ப்பால் விடுவதும் பச்சிலைச் சாறு பிழிவதும் உதவா. கிருமி புகுந்து இருக்கும் பார்வையும் போகலாம்.

பிச்சாவரத்து அலையாத்திக் காடுகள் 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையின் வேகத்தைத் தாங்கித் தமக்குப் பின்னிருந்த ஊர்களுக்கு அரணாயின என்பதை இப்பகுதியினர் அறிவர். அலை வந்த அன்று நட்ட மரங்கள் அல்ல அவை. நீரோட்டம் தடைப்பட்டு அழிந்த இடங்களில் 1990களில் வாய்க்கால் வெட்டி மறுபடி வளர்க்கப்பட்டவையும் அவற்றுள் உண்டு. நோய் வந்தபின் தொடங்கும் நிதி அடுத்த நோயாளிக்குத்தான் உதவும். இன்றைய நோயாளிக்கு உதவ, அது நேற்றே தொடங்கியிருக்கவேண்டும்.

எட்டும் தொலைவில் உள்ளவை

பணம் திரட்டப் புறப்படுமுன், பணமின்றியே கிடைப்பது எது என்று அறிவது அறிவுடைமை. கண் மருத்துவத்தில் தமிழ்நாட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819இல் தொடங்கப்பட்டது; உலகின் பழைமையான கண் மருத்துவமனைகளுள் ஒன்று. 1972இல் தமிழக அரசு கண்ணொளித் திட்டத்தைத் தொடங்கி முகாம்களை ஊர்தோறும் கொண்டுசென்றது. 1976இல் மதுரையில் மருத்துவர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய கைகளைக் கொண்டே அறுவை செய்யப் பழகியவர் அவர். பணம் செலுத்துவோரின் கட்டணத்தால் செலுத்த இயலாதோர்க்கும் மருத்துவம் செய்வது அங்குள்ள முறை. 1992இல் தொடங்கிய ஆரோலேப் நிறுவனம் செயற்கை வில்லையை இங்கேயே செய்து விலையைப் பல மடங்கு குறைத்தது. சென்னையில் சங்கர நேத்ராலயா 1978இல் மருத்துவர் எஸ். எஸ். பத்ரிநாத்தால் தொடங்கப்பட்டது.

கிள்ளையிலிருந்து பார்த்தால், அண்ணாமலை நகரில் 1985இல் தொடங்கிய இராசா முத்தையா மருத்துவக் கல்லூரி இன்று அரசு கடலூர் மருத்துவக் கல்லூரியாக உள்ளது. புதுச்சேரி செல்லும் கடலூர்ச் சாலையில் தவளக்குப்பத்தில் 2003 முதல் அரவிந்த் மருத்துவமனை இயங்குகிறது. புதுச்சேரியிலேயே ஜிப்மர் உள்ளது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. நண்பரின் நோய் அதில் அடங்குமா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதலில் கேட்டறியவேண்டும்.

அப்படியானால் நிதி எதற்கு? அறுவை இலவசம் என்றாலும் நோய் இலவசம் அன்று. கூலிக்குப் போகும் மீனவரோ, இருளர் குடியிருப்பைச் சேர்ந்த தொழிலாளியோ மருத்துவமனைக்குப் போகும் நாள் அவருக்குக் கூலியற்ற நாள். உடன்வரும் மகனுக்கும் கூலி போகிறது. பேருந்து, உணவு, சொட்டு மருந்து, மறுமுறை காட்டச் செல்லும் செலவு, அறுவைக்குப்பின் வேலைக்குப் போகாத வாரங்கள் எனப் பல உண்டு. இலவச மருத்துவம் வாசலில் இருந்தும் பலர் உள்ளே போகாததற்கு இவையும் காரணம். வெயிலிலும் உப்புக் காற்றிலும் நாளெல்லாம் உழைப்போரின் கண்ணில் சதை வளர்ச்சி மிகுதியாகக் காணப்படுவதையும் கடற்கரையூர் வட்டம் ஒன்று மறக்கலாகாது. கவிஞரின் கண்ணுக்கு இரங்கும் மனம் வலை பின்னுபவரின் கண்ணுக்கும் இரங்கவேண்டும்.

திரட்டும் முறை

பணம் திரட்டத் தமிழருக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. புதுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் ஆடி மாதத்தில் மொய் விருந்து நடக்கிறது. முடைப்பட்டவர் விருந்து வைக்கிறார், உண்டவர்கள் மொய் எழுதுகிறார்கள், நோட்டில் கணக்கு ஏறுகிறது, வட்டியில்லை. எழுதியவர் விருந்து வைக்கும் நாளில் அது திரும்பிப் போகிறது. அங்கே வாங்குவதில் இழிவில்லை. ஏனெனில், இன்று வாங்குபவர் நேற்றுக் கொடுத்தவர், அல்லது நாளை கொடுக்கப்போகிறவர். வீட்டுக்கு ஒரு பிடி அரிசி எடுத்துவைத்துப் பொதுக்காரியம் செய்த பிடியரிசி முறையும் பழையது. வடலூரில் 1867இல் வள்ளலார் மூட்டிய தருமச்சாலை அடுப்பு அணையாமல் எரிவதும் பலர் சிறிது சிறிதாகக் கொடுப்பதால்தான்.

கிள்ளைக்கே உரிய பாடமும் ஒன்றுண்டு. மாசி மகத்தன்று திருமுட்டம் பூவராகப் பெருமாள் தீர்த்தவாரிக்காகக் கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருளும்போது, இவ்வூர்த் தர்காவின் சார்பில் இசுலாமியப் பெருமக்கள் வரவேற்று மரியாதை செய்கிறார்கள். அதை எவரும் தானம் என்று சொல்வதில்லை. 'எங்கள் மரியாதை' என்றே சொல்கிறார்கள். கொடுப்பதைத் தம் உரிமையாகக் கருதும் மனநிலை அது. நண்பரின் கண்ணுக்காகக் கொடுக்கும் தொகையும் அந்த மனநிலையோடு சென்றால் பெறுபவர் தலை குனியமாட்டார்.

இந்த மரபுகளிலிருந்து சில நெறிகள் தாமே கிடைக்கின்றன. முதலாவது, நண்பரின் இசைவு. அவர் நோயைப் பற்றி எவ்வளவு வெளியே சொல்லலாம் என்பதை அவரே முடிவு செய்யவேண்டும். இரண்டாவது, மருத்துவர் எழுதிய நோய்க்குறிப்பும் செலவு மதிப்பீடும் கையில் இருக்கவேண்டும்; மருத்துவச் செலவு நேரே மருத்துவமனைக்குச் செலுத்தப்படவேண்டும்; வழிச்செலவும் குடும்பச் செலவும் மட்டும் அவர் கைக்குப் போகவேண்டும். மூன்றாவது, பொறுப்பாளர் இருவர், கணக்கு நோட்டு ஒன்று. வரவும் செலவும் ஒவ்வொரு கூட்டத்திலும் படிக்கப்படவேண்டும். நான்காவது, யார் எவ்வளவு கொடுத்தார் என்று பலகையில் எழுதலாகாது. பத்து ரூபாய் கொடுத்தவரும் ஆயிரம் கொடுத்தவரும் ஒரே வரிசையில் நிற்கவேண்டும். ஐந்தாவது, மேடையில் நோயாளியை நிறுத்திப் பொன்னாடை போர்த்திப் பணமுடிப்பை உயர்த்திக் காட்டும் படம் வேண்டாம். கடைசியாக, எஞ்சிய தொகை அடுத்தவருக்கு என்று முதலிலேயே எழுதிவைக்கவேண்டும்.

பார்வை திரும்பாவிடில்

எல்லாம் செய்தும் பார்வை திரும்பாமல் போவதுண்டு. அப்போது நட்பு என்ன செய்யும் என்பதே கடினமான கேள்வி. கணக்கு நோட்டை மூடிவிட்டு, "எங்களால் ஆனதைச் செய்துவிட்டோம்" என்று விடைபெறுவது எளிது.

பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தகக்கவி வீரராகவ முதலியார் கண்ணொளி இல்லாதவர். முதுகில் எழுத்தை எழுதிக் காட்டக் கற்றார் என்று அவர் வரலாறு சொல்லப்படுகிறது. திருக்கழுக்குன்றத்துக்குப் புராணமும் உலாவும் பாடினார். பழனி மாம்பழக் கவிச்சிங்க நாவலர் குழந்தைப் பருவத்திலேயே அம்மையால் கண்ணிழந்தும் இராமநாதபுரம் அரசவையில் புலவராக விளங்கினார். இவர்களுடைய ஆற்றலைப் போற்றும்போது, முதுகில் எழுதிய விரலையும், சொல்லச் சொல்ல ஏட்டில் எழுதியவரையும், நூல்களைப் படித்துக் காட்டியவரையும் மறந்துவிடலாகாது. 1652 அளவில் முழுப் பார்வையும் இழந்த மில்டன் தம் பெருங்காப்பியத்தைப் பிறர் கையால் எழுதுவித்து 1667இல் வெளியிட்டதும் இவ்வகையே.

ஆகவே, நிதிக்கு அடுத்தது நேரம். வாரம் ஒருநாள் ஒருவர் போய்ப் புதிய நூல் ஒன்றைப் படித்துக் காட்டலாம். மற்றொருநாள் வேறொருவர் அவர் சொல்வதை எழுதிக்கொள்ளலாம். கூட்டத்துக்கு அழைத்துவந்து கொண்டுபோய்விட ஒருவர் வேண்டும். இன்று கைப்பேசியே தமிழை வாய்விட்டுப் படிக்கிறது. அதைப் பழக்கிவிட ஓர் இளைஞர் போதும். ஆனால் கவிதையில் எந்தச் சொல்லில் நிற்கவேண்டும் என்பதை அறிந்து படிக்கும் நண்பரின் குரலுக்கு அது மாற்றாகாது.

இறந்தபின் கொடுக்கக்கூடியதும் ஒன்றுண்டு. இந்தியாவின் முதல் கண் வங்கி 1945இல் சென்னையில் மருத்துவர் ஆர். இ. எஸ். முத்தையாவால் அமைக்கப்பட்டது. இறந்த 6 மணி நேரத்துக்குள் கண்கள் எடுக்கப்படவேண்டும். முதுமையோ, கண்ணாடி அணிந்ததோ, புரை அறுவை செய்துகொண்டதோ தடையாவதில்லை. ஒருவருடைய கண்கள் கருவிழி பழுதுபட்ட இருவருக்கு ஒளி தரலாம். கண்ணப்பர் கதையைக் கேட்டுக் கண்ணீர் விடும் சமுதாயத்துக்கு இந்தக் கொடை பெரிதன்று. விருப்பத்தைக் குடும்பத்தாரிடம் முன்பே சொல்லிவைப்பதும், அந்த நேரத்தில் அவர்கள் கலங்காமல் தொலைபேசியை எடுப்பதுமே தேவை.

அவையோரே, இவ்விழாவின் நினைவாக மலர் வெளிவருகிறது, படம் திறக்கப்படும், பாராட்டுகள் படிக்கப்படும். இவற்றோடு, கண்ணுக்கென்று ஒரு சிறு நிதியை இவ்வட்டம் இன்றே தொடங்கலாம். உறுப்பினர் ஒவ்வொருவரும் கூட்டத்துக்கு வரும்போது ஒரு வேளைத் தேநீர்க் காசை அதில் இட்டாலும் ஆண்டு முடிவில் ஒருவரின் வழிச்செலவுக்கும் மருந்துக்கும் ஆகும். ஆண்டுக்கு ஒரு கூட்டத்தைக் கண் மருத்துவர் ஒருவரை அழைத்து, உறுப்பினர், குடும்பத்தார், அக்கம்பக்கத்தார் அனைவரின் கண்ணையும் சோதிக்கும் நாளாக்கலாம். கூட்டத்துக்கு வராதவர் பட்டியலை ஒவ்வொரு மாதமும் படித்து, தொடர்ந்து இருமுறை வராதவர் வீட்டுக்கு இருவர் போய்வரலாம்.

அடுத்த பத்தாண்டு மலரில் கவிதைகள் எத்தனை என்று எண்ணுவோர் எண்ணட்டும். அந்த மலரைத் தம் கண்ணாலேயே படித்தவர் எத்தனைபேர், பிறர் படித்துக்காட்டக் கேட்டவர் எத்தனைபேர், படித்துக்காட்ட எவருமில்லாமல் இருந்தவர் ஒருவராவது உண்டா என்பதையும் அதோடு எண்ணவேண்டும்.